அண்ணனா, தம்பியா?

அந்த அச்சகத்தில் அவருக்குக் கடுகு என்று பெயர். சூடு பட்டதும் வெடிப்பார். மீசை நரைக்கும்வரை தாள் வெட்டும் இயந்திரத்தில் நின்றவர். பத்து விரலும் பத்திரமாக இருப்பதைத் தவிர வேறு எதற்கும் பெருமைப்பட்டதில்லை.

அந்த இயந்திரத்தின் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். அப்போது கைகள் பட்டன்மேல் இருக்கும், கத்திக்கு அடியில் போகாது.

முதலாளி படுக்கையில் விழுந்ததும் அவர் மகன் பொறுப்புக்கு வந்தான். வந்த நாள்முதல் எல்லோரும் அவனுக்கு ‘ப்ரோ’. பல் போன பைண்டரும் ப்ரோ, வாசல் கூட்டுகிறவரும் ப்ரோ. அதே இயந்திரத்தில் மாற்று ஷிப்ட் பார்க்கும் கடுகின் தம்பி இதில் உருகிப்போனான்.

“நம்மளைக் கூடப்பொறந்தவங்க மாதிரி நடத்துறாருண்ணே.”

“காய்ச்சல்னு ஒருநாள் லீவு கேளு. எந்த வயித்துல பொறந்தான்னு தெரியும்.”

ஆனாலும் அந்தச் சொல் அவரை அரித்தது. ஆங்கிலம் படிக்கும் மகளிடம் கேட்டார்.

“பிரதர்ல பாதிப்பா அது. முன்னாடி கிறிஸ்தவ மடத்துச் சாமியாருங்க பேருக்கு முன்னால சுருக்கி எழுதுவாங்க. அப்புறம் அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க, ஒருத்தருக்கொருத்தர் துணைன்னு சொல்ற மாதிரி கூப்பிட்டுக்கிட்டாங்க. இப்போ யாரை வேணா கூப்பிடலாம்.”

“மூத்தவனையா, இளையவனையா?”

“அதெல்லாம் அதுல கிடையாதுப்பா.”

“மூத்தவன் இளையவன் இல்லாம அது என்ன உறவு? துணைக்கு நின்னவன் சொன்ன வார்த்தை இவன் வாயில போய் மாட்டிக்கிச்சே!” சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

அடுத்த வாரம் ஷிப்ட் மாற்றச் சற்று முன்னதாகப் போனார். தம்பி வெட்டிக்கொண்டிருந்தான். இடது பட்டனை அழுத்தியபடி பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. வலது கை பட்டனில். இடது கை கத்திக்கு அடியில் தாளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

கடுகு மெயின் சுவிட்சை அணைத்தார். “யாருடா ஒட்டினது?”

“ப்ரோதாண்ணே. அவசர ஆர்டர். பார்த்துப் பண்ணுங்கன்னார்.”

சத்தம் நின்றதும் முதலாளி மகன் வந்தான். “என்ன ப்ரோ? ஏன் டென்ஷன்?”

“உனக்கு நான் அண்ணனா, தம்பியா?”

அவன் சிரித்தான். “ரெண்டும்தான் ப்ரோ.”

“ரெண்டுமா இருக்க முடியாது. எனக்குத்தான் வயசு அதிகம், அப்போ நீதான் தம்பி. டேய் தம்பி, அந்த டேப்பைப் பிச்செறிடா.”

பைண்டரின் கையிலிருந்த ஊசி நின்றது. முதலாளி மகனின் முகம் சிவந்தது.

“யாரைய்யா டா போடுற? சம்பளம் குடுக்கிறவன்கிட்ட பேசுற பேச்சா இது?”

“இப்பதான் வாயில உண்மை வருது. இதோ நிக்கிறானே, இவன் என் தம்பி. பொறந்ததுலேர்ந்து டா போட்டுத்தான் கூப்பிடுறேன். இவன் விரல் போனா எங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லணும். நீ எந்த அம்மாவுக்குடா சொல்லுவே?”

“வெளியே போய்யா! நாளைலேர்ந்து வராதே!”

கடுகு டேப்பை உரித்துப் பந்தாக உருட்டி, அவன் உள்ளங்கையில் அழுத்தி ஒட்டிவிட்டு வெளியேறினார்.

கையை உதறிக்கொண்டே அவன் தம்பிக்காரனிடம் திரும்பினான். “நீங்க மெஷினைப் போடுங்க ப்ரோ. டேப் மேஜைமேல இருக்கு.”

தம்பி டேப்பைப் பார்த்தான். அண்ணன் விட்டுப்போன சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தான். தன்னுடையதையும் சேர்த்து எடுத்துக்கொண்டான்.

“எனக்கு ஒரு அண்ணன் போதும் சார்.”

தெருமுனையில் கடுகைப் பிடித்தான். அவருக்குக் கோபம் கொஞ்சமும் தணியவில்லை.

“எத்தனை நாளாடா ஒத்தைக் கையால வெட்டுறே? அறிவிருக்கா? மண்டைக்குள்ள என்ன வெச்சிருக்கே, தாள் குப்பையா?”

“சரிண்ணே.”

“என்னடா சரி?” திட்டிக்கொண்டே தம்பியின் இடது கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தார். ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தார். விடாமல் பிடித்துக்கொண்டு, வீடுவரை திட்டிக்கொண்டே நடந்தார்.