பொர்த்தோலோ தட்டிய பதினொன்று

ஓர்சோலாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை வெரோனாவில் நான் பார்த்ததில்லை. கையுறை தைத்துப் பிழைப்பவள். அவள் புருஷன் ஜம்பியேரோ ஆயுசுக்கும் ஒரே ஒரு மாட்ரிகல் பாட்டுதான் கட்டினான், ஐந்து குரல் சேர்ந்து பாடுவதற்கு. பிறகு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஞாயிறு மதியங்களில் அவள் வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பாடுவோம். பீப்பாய் செய்கிற எனக்கு அடிக்குரல். நாவிதர் பொர்த்தோலோவுக்கு எனக்கு அடுத்த மேல்குரல்.

முழுப் பாட்டையும் ஒரே ஏட்டில் எழுதும் வழக்கம் எங்களிடம் கிடையாது. குரலுக்கு ஒரு ஏடு, அவரவர் வீட்டில். அதில் ஒன்று தொலைந்தாலும் பாட்டு தொலைந்தது.

கொள்ளைநோய் வந்ததும் ஓர்சோலா ஓடி ஓடி ஏடுகளைச் சேர்த்தாள். பொர்த்தோலோ வீட்டுக்கு நானும் கூடப் போனபோது, நோய் கண்ட அவரை உள்ளே வைத்துக் கதவில் பலகை அடித்தாயிற்று. அங்கிருந்து ஒரு தாள் வெளியே வந்தாலும் தூக்குதான். மறுநாள் காலை வீட்டுச் சாமான்களைக் கொளுத்தப் போகிறார்களாம்.

"அண்ணே, ஏட்டைப் பார்த்து ஜன்னல்ல நின்னு பாடுங்க. நான் கீழேருந்து எழுதிக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கென்ன பைத்தியமா? மனுஷன் மூச்சு விடவே திணர்றாரு!"

"நீ வாயை மூடு, கஸ்பாரோ."

மேலே பொர்த்தோலோ இருமிக்கொண்டே சிரித்தார். "பாட்டுல 'சாகிறேன், சாகிறேன்'னு ஆயிரம் தடவை செத்தவன்மா நான். எழுதிக்கோ."

நண்பகல் வெயிலில் பாடினார். குரல் நிற்க வேண்டிய இடங்களில், மேஜையில் செய்வது போலவே, ஜன்னல் சட்டத்தில் விரலால் தட்டினார். ஒரு தட்டுக்கு ஒரு மௌனக் கோடு போட்டாள் ஓர்சோலா. கடைசிப் பக்கம் வந்தது. தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். பதினொன்றோடு கை நின்றது. அப்புறம் அது அசையவே இல்லை.

அவள் போட்ட கோடுகளை எண்ணினேன். "ஓர்சோலா, அங்கே மூணு தட்டுதான். நாலாவதுல அவர் பாட ஆரம்பிக்கணும். குரல் போயிடுச்சு. அதான் தட்டியே பாடியிருக்காரு."

"அங்கே என்ன சுரம்? சொல்லு, எழுதறேன்."

ஒன்பது வருஷம் அவர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தவன் நான். என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், பாவி. "தெரியலையே" என்றேன்.

ஐந்து பேரில் நாங்கள் இருவர்தான் மிஞ்சினோம். அடுத்த கோடையில் புதிதாக மூவரைச் சேர்த்தோம். பொர்த்தோலோ இடத்துக்கு வந்த பட்டு நெசவுக்காரன் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மூணு போக எட்டு தட்டுதானே, நானே ஏதாவது சுரம் போட்டு நிரப்பிடறேன்" என்றான்.

ஓர்சோலா ஏட்டைப் பிடுங்கினாள். "அவர் தட்டினார். நீயும் தட்டு."

அவன் தட்டுகிறான், நாங்கள் நால்வரும் பாடுகிறோம். நான்காவது தட்டில் பொர்த்தோலோ வருவார் என்று இன்றைக்கும் நான் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, பின்தங்கிப் போகிறேன். தொட்டதற்கெல்லாம் திட்டுகிறவள், அதற்கு மட்டும் என்னைத் திட்டுவதில்லை.