மீதி வேலைக்காரர்

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் நெவில் மிட்ஜ்லி. வீட்டுக்காரிக்கு இன்னும் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. காலில் நீலப் பிளாஸ்டிக் உறை, தலையில் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி, கையில் ஒன்றுமில்லை. நோயாளியின் முதுகில் காது வைத்த பழைய காலத்து வைத்தியர்போல அந்த இரும்புப் பலகையைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து, "ம்ஹூம். சரிப்படாது" என்கிறார். எந்த வீட்டிலும் இதே தீர்ப்புதான். தன் கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கும் முதலில் இதையேதான் சொன்னார் என்று எங்கள் தெருவில் பேச்சு. அவர் மனைவி இதுவரை மறுக்கவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில், ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்பும் பாய்லர் அவர் மாட்டியதுதான். அவர் காதைப் பற்றிக் கதைகளுக்குக் குறைவில்லை. கீழ்த்தள ரேடியேட்டரில் காது வைத்து, மேல்மாடியில் யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிவிடுவாராம். மலைமேல் ஒரு பண்ணை வீட்டில், போன நூற்றாண்டில் அங்கே செத்துப்போன ஆடு ஒன்றின் இருமலைக் குழாய்க்குள் கேட்டாராம். நான் பாதியை நம்புகிறேன். எந்தப் பாதி என்பது நாளுக்கு நாள் மாறும்.

தேநீர் கொடுத்தால் நின்றுகொண்டே குடிப்பார். பிஸ்கட் தட்டை நீட்டினால் உற்றுப் பார்ப்பார். எடுத்துக்கொண்டால் வேலையை ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் வேறு ஆளைத் தேட வேண்டியதுதான். பத்திரமும் கையெழுத்தும் இந்தப் பிஸ்கட்டுக்குப் பிறகுதான்.

அவருக்குப் பிடிக்காத மனிதர்கள் ஒரே ஒரு வகை: பாதி வேலையைத் தாங்களே செய்து வைத்துவிட்டு, "மீதிக்கு மட்டும் என்ன கூலி?" என்று கேட்பவர்கள். தண்ணீர்க் குழாயை யார் வேண்டுமானாலும் பூட்டலாம், சட்டம் தடுக்காது. கேஸை மட்டும், பதிவு அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டவர்தான் தொட வேண்டும். அதனால் சிக்கனக்காரர்கள் தண்ணீரைத் தாங்கள் முடித்துக்கொண்டு கேஸுக்கு இவரைக் கூப்பிடுவார்கள்.

"பாதி சிரைச்ச தாடியோட இன்னொரு கடைக்குப் போனா, அவன் பாதிக் காசா வாங்குவான்?" என்பார் நெவில். "மொதல்ல போட்ட வெட்டுக்காயத்துக்கும் சேத்து அவன்தானே பஞ்சு வெக்கணும்!"

இந்த வகையினருக்கெல்லாம் அரசர் கார்டன் ஹோல்ட். என் அடுத்த வீட்டுக்காரர், பஸ் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அகலமான மனிதர்; எந்தக் கதவிலும் பக்கவாட்டில்தான் நுழைவார். "உனக்கு அழுற காசுல நான் ரெண்டு பாய்லர் வாங்கிடுவேன்டா" என்று மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் நெவிலிடம் சொன்னார். சொன்னபடியே, ஆளை வைத்துக் கேஸை மட்டும் அடைத்துவிட்டு, பழைய பாய்லரைத் தானே கழற்றினார். புதியதைச் சமையலறைச் சுவரில் மாட்டினார். அறைகளிலிருந்து வரும் குழாய்களைப் பாதிச் சுவர் வரை கொண்டுவந்தார். மே மாதத்தில் ஒரு நாள் ஏணியிலிருந்து இறங்கி மனைவி பெரிலிடம் தேநீர் கேட்டவர், அது வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நவம்பர் வந்தது. சமையலறையில் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. பெரிலுக்கு எழுபத்தாறு வயது; இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு சூப் காய்ச்சினாள். பார்க்க வந்த கம்பெனிக்காரர்கள் கார்டன் செய்ததையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். கூலி மட்டும் ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு. அவளிடம் அது இல்லை. இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள். வேறு வழியில்லாமல் நெவிலைக் கூப்பிட்டாள். அடுத்த வீட்டுக்காரி என்ற உரிமையில் அவள் மேஜையில் நானும் இருந்தேன்.

நெவில் குழாய்களைப் பார்த்தார். ஒவ்வொரு பற்றவைப்பின் அடியிலும் ஈயம் ஒரு சொட்டாக உறைந்து தொங்கியது.

"இது என்ன கண்ணு, சளி புடிச்ச புள்ள மூக்கு மாதிரி? ம்ஹூம். சரிப்படாது."

"ஒழுகுதா?"

"தண்ணி விட்டாத்தானே தெரியும்."

"அப்ப வாய மூடிட்டுச் செய். அவர் வெச்சதுல ஒண்ணையும் கழட்டக் கூடாது, நெவில். அதுதான் பேச்சு. எவ்வளவு கேக்கறே?"

"விட்ட எடத்துலேர்ந்து தண்ணிக் குழாய முடிக்கணும். அப்புறம் கேஸ், புகைப்போக்கி, சோதனை. ஐநூறு."

"செத்தவர் செஞ்ச பாதிக்குக் கழிச்சியா?"

"கழிச்சதாலதான் ஐநூறு."

பெரில் தட்டை நீட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். ஒன்றை எடுத்தார்.

அடுத்த வாரம் செம்புக் குழாய்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். பாதிச் சுவரில் நின்றிருந்த குழாய்கள் பாய்லர் வரை வந்து சேர்ந்திருந்தன. ஒவ்வொரு பற்றவைப்பின் அடியிலும் ஒரு சொட்டு.

"யார் வந்தா?"

"யாரும் வரல."

"நீங்களா செஞ்சீங்க?"

"எனக்கு பல்பு மாத்தவே தெரியாது."

நெவில் கடைசிப் பற்றவைப்பில் விரலை வைத்தார்; சுடுசட்டியைத் தொட்டவர்போல் இழுத்துக்கொண்டார். ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பனி பூத்திருந்த வீடு அது. அவர் விரல் நுனி சிவந்திருந்தது.

"காலையில அவர் சீட்டியடிச்சிட்டு இருந்தார்" என்றாள் பெரில், மழை பெய்ததைச் சொல்வதுபோல. "வேலையக் குறைச்சிருக்கார்ல? கூலியும் கொறையணுமே."

"கண்ணு, செத்தவன் கூலியக் கழிக்கிறது எப்படின்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

"உசுரோட இருந்து செஞ்சிருந்தா கழிச்சிருப்பே இல்ல?"

நெவில் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். தடிமனான கேஸ் குழாய் கடையிலிருந்து வர வேண்டும், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார். தோளில் சுமந்து வந்த குழாயை எடுத்துப்போக மறந்தார். பொருளை மறக்கிற ஆள் இல்லை அவர்.

வெள்ளிக்கிழமை அவர் முதலில் பார்த்தது மாடிப்படிக்கு அடியிலிருக்கும் கேஸ் மீட்டரைத்தான். அடைத்து வைத்திருந்த குழாயின் முனை, புதுக் காசுபோல் பளபளக்கத் தேய்க்கப்பட்டிருந்தது. அதன்மேல் பற்றவைப்புக்கு முன் தடவும் பசை. பசையில் ஒரு பெருவிரல் பதிந்த தடம். இன்னும் ஈரம் காயவில்லை.

நெவிலின் முகத்தில் ரத்தமே இல்லை. பேயைக் கண்ட பயம் அல்ல அது. பேயோடு அவர் ஏற்கெனவே சமாதானமாகிவிட்டார். பதிவு இல்லாத ஒருவன் கேஸில் கை வைக்கப் போகிறான் என்ற பயம். விறுவிறுவென்று வெளியே போய் வேனில் ஏறினார். இஞ்சின் உறுமியது. பெரில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இவர் போய்விட்டால் இந்த வீட்டுக்கு இனி யாரும் வர மாட்டார்கள். அப்புறம் அந்தக் குழாயைத் திறக்கப் போவது யார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தேயிருந்தது. தீக்குச்சி கிழிக்கிற சத்தம் ஒன்றுக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இஞ்சின் நின்றது. நெவில் கேஸ் குழாயோடு திரும்பி வந்தார். பதிவு அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டார். மாடிப்படிக்கு அடியிலிருந்த இருட்டைப் பார்த்து, மதுக்கடைக் குரலில் பேசினார்:

"இந்தாடா கார்டன். தண்ணி உன்னோடது. அதுல நான் வாயத் தொறக்க மாட்டேன். கேஸ் என்னோடது. தொட்டே, உன் பொண்டாட்டி கூரையோட மலைக்கு அந்தப் பக்கம் போய் விழுவா. உனக்கு ஜெயில் கெடையாது. எனக்கு உண்டு."

சுவருக்குள் எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரே ஒன்று.

"ஒத்துக்கிட்டார்" என்றாள் பெரில்.

"ஒத்துக்கிட்டானா, திட்டினானா?"

"அவர் திட்டினா நிறுத்த மாட்டாரே."

அன்று நெவில் வேலை செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். கூட ஆள் இருக்கும்போது செய்வதுபோல் செய்தார். குழாயை ஒரு முனையில் மட்டும் பிடித்தார். பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார். கைக்குத் துணி வந்தது. எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நேரம் பார்த்து நான் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூலிப் பேச்சு மறுபடி வந்தது. பெரில் முந்நூறு என்றாள்.

"கேஸுக்கும் சோதனைக்கும் இருநூத்தம்பது" என்றார் நெவில், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவன் வெச்ச ஈய மூக்கு ஒவ்வொண்ணையும் நான் தொட்டுப் பாத்து, அதுக்கும் நான்தான் பொறுப்புன்னு கையெழுத்துப் போடணும். அதுக்கு நூறு. தண்ணிக் குழாய்க்கு ஒரு காசு வேணாம். அது அவன் வேலை."

"முந்நூத்தம்பதா? நான் சொன்னதுக்கு மேல போகுதே!"

"நீங்க சொன்னது பேரம் கண்ணு. நான் சொன்னது நியாயம்."

பெரில் சுவரைப் பார்த்தாள். சுவர் எதுவும் சொல்லவில்லை. "சரி" என்றாள்.

தண்ணீர் விட்டார்கள். நெவில் ஒவ்வொரு சொட்டின் அடியிலும் காகிதத் துணியை வைத்து எடுத்தார். எல்லாம் காய்ந்திருந்தது. ஏமாற்றத்தை மறைக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு கேஸ் சோதனை. கேஸ் கசிந்தால் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் இறங்கும்; அது அசையாமல் நின்றது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே நாலு மணிக்கே இருட்டிவிட்டது.

மிச்சமிருந்தது பொத்தானை அழுத்துவதுதான். நெவில் பாய்லர் முன் போய் நின்று விரலை நீட்டினார். நீட்டிய விரல் அப்படியே நின்றது. அந்தச் சமையலறை ஒடுக்கமானது. அவர் விரலை மடக்கிக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்து, முதுகு குளிர்பெட்டியில் ஒட்ட ஒதுங்கி நின்றார், அகலமான ஆள் ஒருவர் தன்னைத் தாண்டி முன்னால் போக வழிவிடுவதுபோல.