கைமாத்தாகக் கொடுத்த பிளாப்பி

1. ஒரே பேரில் இரண்டு லிஸ்ட்

"உங்க கம்பெனி பேர்ல ரெண்டு பேக்கிங் லிஸ்ட் வந்திருக்குது. இதுல எது உங்களுது?"

மெட்ராஸ் துறைமுகத்தில் எங்கள் சரக்கை ஏற்றிவிடும் ஏஜெண்ட் போனில் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் அனுப்பியது ஒரே லிஸ்ட்தான். நானேதான் பிரிண்ட் எடுத்தேன்.

எண்பதுகளின் பின்பாதி அது, பிள்ளைகளே. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரி ஆபீசில் நான் டைப்பிஸ்ட். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், விரல் வேகமாக ஓடுகிறவள் என்று அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஹார்ட் டிஸ்க் எல்லாம் கிடையாது; புரோகிராம் இருக்கும் பிளாப்பித் தகட்டைச் செருகித்தான் ஓட்டவேண்டும். இரண்டு பிளாப்பி டிரைவ், ஒரு பிரிண்டர், மெஷினுக்குப் போட்டு மூட ஒரு துணி உறை. எனக்கு அதைப் பார்த்தாலே பயம்.

ஏற்றுமதிக்குப் போகும் தோலுக்குப் பண்டில் பண்டிலாக எத்தனை தோல், எத்தனை சதுர அடி, என்ன தரம் என்று லிஸ்ட் போடவேண்டும். அதற்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் தனசேகர் என்று மெட்ராஸ்காரர். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இந்த ஒரு புரோகிராமை நம்பி இறங்கியவர். நம் பக்கத்தில் பத்து டேனரி வாங்கினால் பிழைத்துக்கொள்வேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். முதலில் வாங்கியது நாங்கள்.

போனை வைத்ததும் முதலாளி பாய் கேட்டார். "இன்னாம்மா இது பேஜாரு? புரோகிராம்ல எதுனா கோளாறா? அந்தத் தம்பிய வரச் சொல்லு."

கோளாறு எங்கே என்று எனக்கு லேசாக உறைத்தது. இருந்தாலும் தனசேகருக்குப் போன் போட்டேன்.

2. வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆசிட் தீர்ந்துவிட்டால் பக்கத்து டேனரியில் இரண்டு கேன் கைமாத்தாக வாங்கிக்கொள்வோம். நம் சரக்கு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவோம். சாயம், பேக்கிங் துணி, சில நாள் மோட்டார்கூட இப்படிப் போய் வரும். கேட்டு இல்லையென்று சொல்கிறவனைத்தான் ஊரில் மட்டமாகப் பேசுவார்கள்.

இரண்டு மாதம் முன்பு பக்கத்து டேனரி ஆபீஸிலிருந்து ஜோசப் அண்ணன் வந்தார். அவர்களும் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள்.

"தங்கச்சி, அந்த பேக்கிங் லிஸ்ட் பிளாப்பிய ஒரு நாள் கைமாத்தா குடும்மா. நாளைக்குக் குடுத்துடறேன்."

கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே அதே உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். போட்டுப் பார்த்தேன், நன்றாக ஓடியது. என் கணக்கில் விஷயம் அத்தோடு முடிந்தது.

பிளாப்பியைக் காப்பி எடுக்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததே தனசேகர்தான். "தோல் கம்பெனி காத்துல பிளாப்பி சீக்கிரம் கெட்டுப்போவும், ஒண்ணு பத்திரமா எடுத்து வச்சிக்குங்க" என்பார். அப்படியென்றால் காப்பி எடுப்பது தப்பா, இல்லையா? ஒரு மெஷினில்தான் ஓட்டலாம், வெளியாருக்குத் தரக்கூடாது என்று அவர் கொடுத்த லைசென்ஸ் தாளை டைப் அடித்ததும் நான்தான். எனக்குத் தெரிந்த லைசென்ஸ், அதற்கு முன்பெல்லாம் ரேடியோவுக்குப் போஸ்ட் ஆபீசில் எடுத்தது. டைப்பிஸ்ட் எழுத்தைப் பார்ப்பாள், அர்த்தத்தைப் பார்க்கமாட்டாள்.

3. தனசேகர் வந்த நாள்

ஏஜெண்ட் போன் வந்த மறுநாள் காலை ரயிலில் வந்தார். வந்தவுடன் மெஷினைத் திறந்து இரண்டு மணி நேரம் ஒவ்வொன்றாகச் சோதித்தார். டீ கூடக் குடிக்கவில்லை. இல்லாத கோளாறைத் தேடுகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஜோசப் அண்ணன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

உடனே எல்லாம் விளங்கிவிட்டது. லிஸ்டின் தலைப்பில் எங்கள் கம்பெனிப் பெயரைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார். பக்கத்து டேனரியில் பிளாப்பியைக் காப்பி எடுத்து ஓட்டி, அந்தப் பெயரின்மேல் வெள்ளை மை தடவித் தங்கள் பெயரை அடித்து, ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் அவசரத்தில் தடவ மறந்துவிட்டார்கள்; அவர்களுக்கும் அதே ஏஜெண்ட்தான்.

"மூணு மாசம் முன்னாடி அவங்களே என்னக் கூப்ட்டாங்க," என்றார் தனசேகர். "அப்பறம் வேணான்னுட்டாங்க. நான் வெலைய ஜாஸ்தியா சொல்லிட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

பாய்க்குக் கோபம் யார் மேல் வருவது என்றே தெரியவில்லை. "பக்கத்துல கேட்டாங்க, புள்ள குடுத்துச்சி. நம்ம பிளாப்பி நம்மகிட்ட தான இருக்குது. இன்னா கொறஞ்சி போச்சி?"

"பாய், உங்க பினிஷிங் ரெசிபி நோட்ட ஒரு நாள் கைமாத்தா குடுப்பீங்களா? நாளைக்குத் திருப்பிக் குடுத்துடுவேன்."

எந்தத் தோலுக்கு எந்தக் கலர், எவ்வளவு கலவை என்று பாய் எழுதிவைத்த நோட்டு அது. பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருப்பார்.

"அது வேற," என்றார்.

"எப்பிடி பாய் வேற?"

பாயின் கை இடுப்புச் சாவியைத் தொட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார். "போய் அங்க இருக்கறத அழிச்சிட்டு வாம்மா."

போனேன். ஜோசப் அண்ணனுக்கு என்னைவிடக் குழப்பம். "திருப்பிக் குடுத்துட்டேனேம்மா" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் எதிரிலேயே அழித்தேன். எழுந்திருக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "பேரணாம்பட்டுல மச்சான் கேட்டாரு, குடுத்தேன். அவுரு வாணியம்பாடில ஒருத்தருக்கும், ராணிப்பேட்டைல ரெண்டு பேருக்கும் குடுத்தாராம். அவங்க யாருக்குக் குடுத்தாங்கன்னு தெரியாது."

அந்த டேனரிகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து, அதைத் தனசேகரிடம் சொல்லவேண்டியிருந்தது. அவர் பையிலிருந்து டைரியை எடுத்தார். போய்ப் பார்க்கவேண்டிய டேனரிகளின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருந்தார். நான் பெயர் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக அடித்தார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

புத்தகத்தைப் போலவே புரோகிராமும் எழுதியவருக்குச் சொந்தம் என்று அந்தப் பத்தாண்டிலேயே சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். நாம் காசு கொடுத்து வாங்குவது அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும்தான். பாதுகாப்புக்கு நமக்கென்று ஒரு காப்பி வைத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்குத் தரக்கூடாது. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. கேட்டவருக்குக் கொடுப்பது எப்படிக் குற்றமாகும் என்ற குழப்பம் இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தீரவில்லை.

ஆனால் பிள்ளைகளே, ஒன்று மட்டும் தெரியும். ஆசிட் கேன் திரும்பி வந்தால் கொடுத்தது தீர்ந்துவிடும். புரோகிராம் அப்படித் திரும்பி வராது. நம்மிடம் என்ன குறைந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், எழுதியவரிடம் என்ன குறைந்தது என்று பார்க்கவில்லை. அந்த டைரியில் அடிக்காத பெயர் இன்னும் ஐந்து இருந்தது. அங்கேயும் காப்பி போயிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, தனசேகர் அங்கெல்லாம் போகவில்லை. மத்தியான ரயிலில் மெட்ராஸ் திரும்பினார். கொஞ்ச நாளில் மறுபடியும் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.