சந்தனம் பட்ட அம்புமுனைகள்

சுவிஸில் டீட்டிகோன் நகரத்துப் பண்டகசாலை ஒன்றில் என் கணவர் வேலை செய்தார். அங்கே உடன் வேலை செய்த சுவிஸ்காரர் ஒருவர்தான் அவரை வில்வித்தைக் கழகத்துக்கு முதன்முதலில் அழைத்துச் சென்றவர். இரண்டாயிரங்களின் நடுவில், எங்களுக்குச் சுவிஸ் குடியுரிமையும் சிவப்புக் கடவுச்சீட்டும் கிடைத்த ஆண்டில், அதே நண்பர் அமெரிக்க மலைகளுக்கு எல்க் வேட்டைக்குக் கூப்பிட்டார். எல்க் குதிரையளவு பெரிய மான். சுவிஸில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடங்கொடாது. ஆகவேதான் அவ்வளவு தூரம். அதுவரை எங்கள் பெரிய பயணங்களெல்லாம் கட்டாயத்தால் நேர்ந்தவை. அவர் தாமாக விரும்பிய முதற் பயணம் இதுதான்.

நான் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் அலைந்து அலைந்து சாகக் கூடாது. அதற்கு அவர் சொன்னார்:

"அப்ப அம்புமுனையை நீரே தெரிவுசெய்யும். கூர் பற்றி என்னைவிட உமக்குத்தான் தெரியும்."

அது உண்மை. சூக் நகரில் ஓர் உணவகச் சமையலறையில் பல ஆண்டுகளாக இறைச்சி வெட்டிவந்தேன். எந்த இரும்பு எலும்பில் பட்டதும் வாய் மடியும், எது தாங்கும் என்பதைக் கை அறிந்திருந்தது.

மூன்று வகை முனைகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். உடலில் பட்டதும் விரியும் அலகுகள் கொண்டது ஒன்று. பார்க்க அழகு, விலையோ எங்களுக்கு எட்டாதது. சவர அலகுபோல் மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிப் பொருத்துவது இன்னொன்று, மிக மலிவு. மூன்றாவது ஒரே இரும்பில் வார்த்த, இரண்டு அலகுள்ள, அலங்காரமற்ற முனை; அதுவும் விலை குறைந்ததுதான். தமிழ்க்கடையில் ஆட்டின் தோள் எலும்புகள் வாங்கி, நனைத்த பத்திரிகைக் கட்டுகளுக்குள் வைத்து, கழகத்து மைதானத்தில் எய்து பார்த்தோம். மெல்லிய தகடு எலும்பில் பட்டு ஒடிந்தது. வார்த்த முனை எலும்பைத் துளைத்து மறுபுறம் நின்றது. கூர் கொஞ்சம் மழுங்கியதே தவிர வளையவில்லை. தீட்டினால் திரும்ப வரும் கூர் அது. அந்த வகையில் நான்கு வாங்கினோம்.

பயணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, புதிய கார் வாங்கியவர்கள் செய்வதுபோல, நான் அவற்றை அர்ச்சனைத் தட்டில் வைத்துத் திரிம்பாக்கிலுள்ள எங்கள் கோயிலுக்குக் கொண்டுபோனேன். வேட்டைக்கென்று ஐயரிடம் சொல்லும் துணிவு வரவில்லை. அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, சின்ன வேலோ?"

"ஓம் ஐயா, அந்த மாதிரித்தான்."

ஒவ்வொன்றிலும் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கொடுத்தார். சுவாமி பிரசாதத்தை யார் துடைப்பார்கள்? அப்படியே பட்டுத்துணியில் சுற்றிச் சுவாமி அறையில் வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை என் கணவர் துணியைப் பிரித்தபோது, சந்தனம் இருந்த இடமெல்லாம் துரு. மலிவு இரும்பு ஈரத்தைத் தாங்கவில்லை. கூரின் ஓரம் அரித்திருந்தது. விமானத்துக்கு மூன்று நாட்களே இருந்தன. நான் வைத்த நிபந்தனையை நானே கெடுத்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"முருகனிட்டை இருக்கிறது கறள் பிடிக்காத வேல். எங்கடை மலிவு வேலெல்லோ," என்றார்.

அன்று முழுவதும் சாணைக்கல்லோடு இருந்தேன். முதலில் துருவைத் தேய்த்தெடுத்து, பிறகு ஒரே சாய்வில், இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தீட்டினேன். அவர் எதிரே அமர்ந்து, ஒவ்வொன்றையும் தம் முன்கை மயிரை மழித்துப் பார்த்துத் தலையசைத்தார். மாலைக்குள் அவருடைய இடது கை மொட்டையாகியிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே வேலையில் அப்படி ஒரு நாள் முழுவதும் அமர்ந்திருந்தது அதற்கு முன் நினைவில் இல்லை.

மூன்று வாரங்களுக்குப் பின் திரும்பி வந்தவர், பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே சொன்னார்.

"முப்பத்தாறு காலடி. அம்பு பட்ட இடத்திலையிருந்து மான் விழுந்த இடம் வரைக்கும். உமக்குச் சொல்லவேணுமெண்டு நடந்து எண்ணினனான்."

நான் தேநீர் வைத்தேன்.

அவர் மறுபடி வேட்டைக்குப் போகவில்லை. எல்கின் விலா எலும்பில் பட்டு விழுந்த சிறு பள்ளத்தோடு அந்த முனை என் சமையற்கத்திகளோடு இருக்கிறது. சரஸ்வதி பூசையன்று அதையும் எடுத்து வைக்கிறேன். முதலில் எண்ணெய் பூசிவிட்டு, பிறகுதான் சந்தனம்.