ஒரே வீட்டில் இருப்பவர்கள்

கண்டி டவுனில் ரேஸுக்குப் பந்தயம் பிடிக்கும் ஒரு புக்கிக் கடையில் எனக்குக் காசாளர் வேலை. எங்கேயோ இங்கிலாந்தில் குதிரையும் நாயும் ஓடும். இங்கே டீவியைப் பார்த்து ஆண்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். நான் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் பந்தயம் எழுதித் தரும் துண்டுகளை வாங்குவேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் நானா சட்டத்தைச் சொல்லிவிட்டார். "தங்கச்சி, இங்க வேல செய்றவங்க பந்தயம் கட்டக் கூடாது. அவங்களோட ஒரே வீட்டுல இருக்கிறவங்களும் கட்டக் கூடாது. உள்ளுக்குள்ள ஏதோ நடக்குதுன்னு ஆக்கள் கதைப்பாங்க."

கேட்டதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் கணவர் அந்தக் கடையே கதி என்று கிடந்தவர். சம்பளமும் வரும், அவரும் திருந்துவார் என்று பெரிய புத்திசாலியாக நினைத்துக்கொண்டேன்.

அவர் வேறு கடைக்குப் போய்ப் பார்த்தார். அங்கே ராசி இல்லையாம். நாய் பின்தங்கினால் கடைக்குத்தான் குற்றம்.

"நீ அந்த வேலய விட்டுரு," என்றார்.

"விட்டா அரிசி யாரு வாங்குறது?"

பிறகு ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு தெல்தெனியவில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனார். சண்டை ஒன்றும் இல்லை. "கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கேன்," என்றார். நானும் சரி என்று சோறு கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றார்.

"இப்ப நான் அக்கா வீட்டுல. ஒரே வீடு இல்லதானே? துண்ட எடு."

ஏன் போனார் என்று அப்போதுதான் புரிந்தது. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. மனம் மரத்துப்போய்க் கிடந்தது. பின்னால் நின்றவர் சீக்கிரம் என்றார்.

மேனேஜர் எழுந்து வந்தார். "தங்கச்சி, இவர் ஒங்கட வீட்டுக்காரர்தானே?"

கணவர் என்னையே பார்த்தார், கும்பிடாத குறையாக. அவர் என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்து எத்தனையோ காலம்.

"எங்க வீட்டுல அப்படி யாரும் இல்ல நானா," என்றேன். துண்டை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தேன்.

"தேங்க்ஸ் மிஸ்," என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைப் போலவே அவரும் டீவி பக்கம் போனார்.