கந்தளாய் என்னும் நினிவே

"நீங்கள் சைவமோ, வேதமோ?" என்று கேட்டார் றோசலின் அன்ரி. திருகோணமலையில் அவர் வீட்டில் வாடகைக்கு அறை பார்க்கப் போயிருந்தேன். "மீன் சாப்பிடுவேன் ஆன்ட்டி," என்றேன். அவர் என்னையும் சுவரிலிருந்த மாதா படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சேலத்தில் சைவம் என்றால் சாம்பார். இங்கே சைவம் என்றால் கோவிலுக்குப் போகிறவர், வேதம் என்றால் பைபிள் வைத்திருப்பவர். இது விளங்கிய கணத்தில்தான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. வேதம் என்ற சொல்லே கடல் தாண்டினால் வேறு புத்தகத்தைக் குறிக்கிறது என்றால், வேதம் உண்மை என்று சொல்லும்போது நாம் எதைத்தான் சொல்கிறோம்?

நான் கடல் உயிரியல் படித்தவள். நிலாவெளியிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. அன்ரிக்குக் கண்ணில் ஒபரேசன் முடிந்திருந்தது. கொஞ்ச நாளைக்கு எதையும் வாசிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால், மாலையில் பைபிள் வாசித்துக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. சேலத்தில் எங்கள் வீட்டுப் புனித நூல்கள் பட்டுத் துணிக்குள் உறங்கும். அவற்றைப் பற்றி எங்கள் வீட்டில் எழுந்த ஒரே கேள்வி, "குளிச்சியா?" என்பதுதான். அந்தப் பழக்கத்தில் முதல் நாள், "குளிச்சிட்டு வரவா?" என்றேன். "ஏன் பிள்ளை, வேர்த்திட்டுதோ?" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

அன்ரிக்கு ஒரே மகன், கெவின். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள கந்தளாயில் ஒரு சிங்களப் பெண்ணை முடித்து அங்கேயே இருக்கிறான். கலியாணத்துக்கும் அன்ரி போகவில்லை, பேத்தி பிறந்தபோதும் போகவில்லை. வருகிற ஞாயிறு பேத்திக்கு முதல் பிறந்தநாள் என்று தொலைபேசியில் அழைத்தான். "வெயில் கண்ணுக்குக் கூடாது," என்று வைத்துவிட்டார். பேத்தியின் படத்தை மட்டும் என்னிடம் பெரிதாக்கித் தரச் சொல்லி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

அன்று மாலை வாசிப்பு யோனாவின் கதை. உங்கள் நகரம் அழியப்போகிறது என்று பகைவரான நினிவே நகரத்தாருக்குப் போய்ச் சொல் என்று கடவுள் அனுப்ப, அவன் எதிர்த்திசையில் கப்பலேறி ஓடுகிறான். பெரிய மீன் விழுங்கி, கரையில் கக்குகிறது. "காணும், கதை முடிஞ்சுது," என்று வாசிப்பை நிறுத்தினார் அன்ரி. புத்தகம் முடியவில்லை. ஆனால் எனக்கும் அப்போது மீன்தான் முக்கியம். மறுநாள் படகோட்டி யூனுஸ் நானாவைப் பிடித்தேன். அவர் கிண்ணியாக்காரர்; அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பார்கள்.

"ஒரு மனுசன் மீன் வயித்துல உயிரோட இருந்தது உண்மையா நானா?"

"என்ட பேரென்ன?"

"யூனுஸ்."

"எங்கட கிதாபுல யோனாக்கு அதான் பேரு. நடுக்கடல்ல என்னய வெச்சுக்கிட்டா புள்ள இந்தக் கத கதைக்கிற?"

"நீங்க நம்புறீங்களா?"

"அல்லாஹ் நாடினா நடக்கும். இந்த எஞ்சின் எண்ணெய் முழுங்குறத விடவா அது புதினம்?"

நான் விடவில்லை. மாலை அன்ரியிடம் அறிக்கை வாசித்தேன்: எண்ணெய்த் திமிங்கிலத்தின் தொண்டைக்குள் ஆள் போகலாம், ஆனால் மூச்சு விட முடியாது. "அப்ப பாதி உண்மை," என்றார் அன்ரி திருப்தியாக. அந்த உற்சாகத்தில், அவர் நிறுத்துவதற்குள் மிச்சத்தையும் வாசித்துவிட்டேன். யோனா நினிவேக்குப் போகிறான். நகரம் மனம் திருந்துகிறது. கடவுள் மன்னிக்கிறார். யோனாவுக்குக் கோபம் வருகிறது. நீர் இரக்கமுள்ளவர் என்று தெரிந்துதானே முதலிலேயே ஓடினேன் என்று சண்டை பிடித்து, வெயிலில் போய்க் குந்துகிறான். இத்தனை பேருக்கும் மாடுகளுக்கும் நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார்.

"அதுக்கு அவன் என்ன சொன்னவன்?"

"தெரியல ஆன்ட்டி. புத்தகம் கேள்வியோட முடியுது."

"வடிவாப் பார். ஒற்றை ஒட்டிக்கொண்டிருக்கும்."

பக்கங்களைப் பிரித்துக் காட்டினேன். "என்ன புத்தகம் இது, வீட்டில இருக்கிற மனுசரை வம்புக்கு இழுக்குது!" என்று எழுந்து குசினிக்குள் போய்ச் சட்டிகளை உருட்டினார். மீனை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் நடந்ததா என்று நான் அளந்துகொண்டிருந்த புத்தகம், குசினியில் சட்டி உருளும்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. பொய்யான ஒன்றுக்கு அந்தப் பொறுமை இருக்குமா? தெரியவில்லை.

திரும்பி வந்தவர் கதவடியில் நின்றார். என் தொலைபேசியில் அப்பாவின் அழைப்பு ஒருநாளும் வராததை அவர் கவனித்திருக்கிறார். "உன்ர அப்பா உன்னோட கதைக்கிறேல்லை என்னடி? நீ ஏன் சேலத்தை விட்டு ஓடினனி?"

"ஓடல ஆன்ட்டி. வேலைக்கு வந்தேன்."

"யோனாவும் டிக்கெட் எடுத்துத்தான் கப்பல் ஏறினவன்."

வங்கித் தேர்வு எழுது என்றார் அப்பா. நான் திமிங்கிலம் என்றேன். விமான நிலையத்துக்கும் அவர் வரவில்லை. இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அன்ரி தீர்ப்புச் சொன்னார்: "நான் கந்தளாய்க்கு வாறன். நீ அங்க வைச்சு அப்பாவுக்குக் கோல் எடுக்கோணும். நீ எடுக்காட்டி நான் அடுத்த பஸ்ஸில திரும்பிருவன்."

"ஓம்," என்றேன். என் வாயிலிருந்து அவர்கள் ஊர் 'ஆமாம்' வந்ததைக் கேட்டு இருவரும் சிரித்துவிட்டோம்.

நாளை ஞாயிறு. அன்ரி பேத்திக்கு ஒரு சட்டை வாங்கி, வாங்கவில்லை என்பதுபோல் பைக்கு அடியில் வைத்திருக்கிறார். என் தொலைபேசியில் இரண்டு சிம். இந்திய எண்ணிலிருந்து அழைத்தால் என் பெயரைப் பார்த்து அப்பா எடுக்க மாட்டார். இலங்கை எண்ணிலிருந்து அழைத்தால் யாரோ என்று எடுப்பார். யாரோவாகத்தான் பேச்சைத் தொடங்கப் போகிறேன்.