ஏறாவூருக்கு எதில் போவது

தில்லையடியில் யாராவது தூரப் பயணம் போவதென்றால் பெட்டி கட்டுவதற்கு முன் முத்தலிபு நானாவின் காதில் ஒரு சொல் போட்டு வைப்பார்கள். புத்தளம் – கொழும்பு பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கொண்டக்டராக நின்றே முழங்காலைத் தேய்த்துக்கொண்ட மனிதர். யாழ்ப்பாணமா, அக்கரைப்பற்றா, உம்ராவுக்குப் போகிறவர்களைக் கட்டுநாயக்காவில் இறக்கிவிட்டு வருவதா, எதற்கும் அவரிடம் விடை இருக்கும். எது எத்தனை மணிக்கு வரும், எந்தச் சந்தியில் எவ்வளவு நேரம் நிற்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, அத்தனையும் நாக்கு நுனியில். கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களையும் மறித்து வைத்துச் சொல்வார். அதுதான் அவரோடு பெரிய கரைச்சல்.

அவர் வைத்திருந்தது ஒரே ஒரு சட்டம்தான். ஏறுகிற வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி வர வேண்டும். பஸ் பழுதாகி நின்றால் அடுத்த பஸ்ஸுக்குக் கையைப் போடலாம். ரயில் நின்றால் நின்றதுதான். கல்லோயாவுக்கு அங்கால் தண்டவாளத்தில் யானை வந்துவிட்டால், நாமும் யானையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பிளேனைப் பற்றி அவரிடம் வாயே திறக்கக் கூடாது. முகில் கறுத்தால் பறக்காத சாமான் என்பார். அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பிளேனில் ஏறியதில்லை என்பது வேறு கதை.

இந்த மனிதருக்குப் போன பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை, சுபஹு தொழுதுவிட்டு வந்து வெறும் தேத்தண்ணியை வாயில் வைக்கிற நேரம், ஏறாவூரிலிருந்து போன் வந்தது. கைருன்னிஸா ராத்தா மௌத்தாகிவிட்டார்.

ராத்தா என்றால் வெறும் அக்கா இல்லை. முத்தலிபு நானாவுக்கு இரண்டு வயதில் உம்மா போய்விட்டார். அன்றிலிருந்து இடுப்பில் தூக்கிச் சுமந்தது பன்னிரண்டு வயது மூத்த இந்த ராத்தாதான். பிறகு ஏறாவூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார், மூன்று பெண்களைப் பெற்றார், புருசனைப் பறிகொடுத்தார். போன பெருநாளுக்குப் பார்க்கப் போயிருந்தபோது தம்பியின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஆம்புளப் புள்ள இல்ல. நீதான் என்னக் கபுறுல இறக்கி வைக்கணும்." எங்களில் மௌத்தான பெண்ணின் மையத்தைக் கபுறுக் குழிக்குள் இறக்குவது அவளுடைய நெருங்கிய ஆண்கள்தான். முத்தலிபு நானா முதலில் சிரித்து மழுப்பிப் பார்த்தார். ராத்தா கையை விடவில்லை. கடைசியில் ஓம் என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

போனில் பேசியது ஜௌபர். ராத்தாவின் மூத்த மகள் ஷஃபீனாவின் மாப்பிள்ளை, பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். ஒன்று சொன்னால் ஒன்று, இரண்டு சொன்னால் இரண்டு. மாமா எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்று கேட்டார். முத்தலிபு நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"எனக்காக மையத்தச் சுணக்க வேணாம் மகன்."

தனக்காக அடக்கத்தைத் தாமதிக்க வேண்டாம் என்பது எங்கள் ஊர்களில் தூரத்துச் சொந்தம் எல்லாரும் சொல்கிற கதை. அப்படித்தான் சொல்லவும் வேண்டும். மையத்து வீட்டுக்காரர் உடனே, "நீங்க வராம எடுப்பமா, அஸர் வரைக்கும் வைப்பம்" என்று மறுத்துச் சொல்ல வேண்டும். போன வீட்டில் தேத்தண்ணி வேண்டாம் என்பதைப் போலத்தான். வேண்டாம் என்றவனுக்கு ஊற்றாத வீடு எங்கே இருக்கிறது? மார்க்கம் சீக்கிரம் அடக்கு என்கிறது, மனது முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கு என்கிறது. இரண்டுக்கும் நோகாமல் மனிதர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி அது. ஜௌபர் "சரி மாமா" என்றார். அதற்குள் பின்னால் யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டார். மிச்சத்தை முத்தலிபு நானா தானே நிரப்பிக்கொண்டார். பின்னேர அஸர் தொழுகைக்குத்தான் எடுப்பார்கள்.

பிறகு எதில் போவது என்ற கதை தொடங்கியது. மகள் ஸாஜிதா போனைத் தட்டித் தட்டித் தேடிச் சொன்னாள்: கொழும்புக்கு அங்கால் இரத்மலானையிலிருந்து பத்தேகாலுக்கு மட்டக்களப்புக்குச் சின்னப் பிளேன் ஒன்று இருக்கிறது, இரண்டு இடமும் கிடக்கிறது. பக்கத்து வீட்டு வேன் தயார். இப்போது புறப்பட்டால் பிளேனைப் பிடித்து, பகல் பன்னிரண்டுக்கு முன் ஏறாவூர். ரயில் என்றால் மாஹோவுக்கு ஓட வேண்டும். பிடித்தாலும் இரண்டு மணி. பஸ் என்றால் புத்தளத்திலிருந்து ஆறு மணிக்குக் கல்முனை பஸ். அதுவும் இரண்டு மணிதான்.

மனைவி பளீலா அபாயாவைப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டார், பிளேனில் போவோம் என்று. பகல் லுஹர் தொழுகைக்கு முன் சேர்ந்துவிட்டால் மனது ஆறும் என்றார். முத்தலிபு நானா விரலை மடித்து மடித்து யோசித்தார். சிலாபத்தில் நெரிசல் வந்தால்? நீர்கொழும்பில் வேன் டயர் போனால்? பத்தேகாலுக்குப் பிளேன் போய்விட்டால் பின்னால் என்ன இருக்கிறது, வெறும் ஆகாயம்தானே? ஊரெல்லாம் ஓதிக்கொடுத்த சட்டத்தை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. அஸர் மூன்றரைக்கு, பஸ் இரண்டு மணிக்குப் போய்விடும், இடையில் ஒன்றரை மணித்தியாலம் கையிருப்பு. பஸ்தான் என்று முடிவு செய்தார். முப்பத்தொரு வருடக் கொண்டக்டரோடு பஸ்ஸைப் பற்றித் தர்க்கித்து யார் வென்றிருக்கிறார்கள்?

பஸ் ஒழுங்காகத்தான் போனது. அநுராதபுரத்தில் நேரத்துக்கு, ஹபரணையில் நேரத்துக்கு. முத்தலிபு நானா அழுவதும் மணிக்கூட்டைப் பார்ப்பதும், திரும்ப அழுவதுமாக வந்தார். ராத்தாவின் தலைமாட்டில் நிற்பதாகவும் கபுறுக்குள் இறங்கிக் கை நீட்டி வாங்குவதாகவும் மனதுக்குள் பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டார். முழங்கால் இடம் கொடுக்குமா என்றுகூடப் பயந்தார்.

மின்னேரியாவைத் தாண்டும்போது, பதினொரு மணிக்கு, ஜௌபரிடமிருந்து போன் வந்தது. எங்கே வருகிறீர்கள் என்று கேட்டார். இவர் சொன்னார்.

"அப்ப லுஹரோட தொழுது அடக்கிறம் மாமா. நீங்க சொன்ன மாதிரி உங்களுக்காகச் சுணக்கல்ல."

அட, அந்த நேரம் அந்த மனிதர் வாயைத் திறந்து "நில்லுங்க மகன்" என்று இரண்டே இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். அவருடைய வாய் திறந்ததுதான். ஆனால் மையத்தைத் தனக்காக நிறுத்தி வை என்று எந்த முகத்தோடு கேட்பது? காலையில் வேண்டாம் என்றவன் பகலில் வேணும் என்றால் பள்ளியில் கூடியிருக்கிற சனம் என்ன நினைக்கும்? அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஓம் மகன். அல்லாட நாட்டம்."

போனை மடியில் கவிழ்த்து வைத்தார். பளீலாவுக்கு முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது.

"திரும்பப் போன் எடுத்துச் சொல்லுங்க. நாங்க வந்து முகம் பாத்துட்டு அடக்கட்டும் எண்டு சொல்லுங்க."

"எப்படிச் சொல்ற?" என்றார் அவர். "நான்தானே வேணாமெண்டு சொன்ன."

பளீலா போனைப் பறித்துத் தானே எடுத்தார். மணி அடித்தது, யாரும் தூக்கவில்லை. மையத்தைக் குளிப்பாட்டுகிற வீட்டில் யார் போனுக்குக் காது கொடுப்பார்கள்? ஆறேழு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு அவரும் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பொலன்னறுவையில் பஸ்ஸைச் சாப்பாட்டுக் கடையோரம் நிறுத்திவிட்டார்கள். இருபது நிமிடம். முத்தலிபு நானா இறங்கிப் போய்க் கொண்டக்டரின் கையைப் பிடித்தார். நானும் உங்கள் தொழில்தான் மகன், ராத்தாட மையத்துக்குப் போகிறோம், ஒரு பத்து நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். அந்தப் பொடியன் நல்ல பொடியன்தான். மரியாதையாகவே சொன்னான், டிரைவர் விடியற்காலையிலிருந்து வெறும் வயிறு, நேர அட்டவணையும் இருக்கிறது, என்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று. இதே கதையை இதே குரலில் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார் முத்தலிபு நானா. திரும்பி வந்து இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டரைக்கு பஸ் வெலிக்கந்தைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தொழுகை முடிந்திருக்கும். இப்போது சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கியிருப்பார்கள். இப்போது மையவாடி வாசல். அவர் சீட்டில் இருந்தபடியே இரண்டு கையையும் ஏந்தினார். ஏந்திய கையில் என்ன கேட்பது என்று தெரியவில்லை. பஸ்ஸை வேகமாக விடு என்றா, அங்கே கொஞ்சம் மெதுவாக்கு என்றா? ஒன்றும் கேட்காமலே கையை முகத்தில் தடவிக்கொண்டு, சின்னப் பிள்ளையாட்டம் தேம்பித் தேம்பி அழுதார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு தண்ணிப் போத்தலை நீட்டினார்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க ஏறாவூரில் இறங்கினார்கள். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்த பஸ்ஸை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சந்தியில் ஜௌபர் காத்துக்கொண்டு நின்றார். சாரத்தின் கரையில் ஈர மணல் ஒட்டியிருந்தது. சலாம் சொல்லிக் கட்டிப்பிடித்தார். நீங்கள் சொன்னதை நாங்கள் அப்படியே செய்துவிட்டோம் மாமா, ஒரு நிமிடம்கூடச் சுணக்கவில்லை, உங்களைப் போல விளங்கின ஆள்கள் குறைவு என்று மௌலவியே சொன்னார் என்றார். அந்தப் பிள்ளையின் முகத்தில் கள்ளமே இல்லை. பெரியவரின் சொல்லைக் காப்பாற்றிவிட்ட சந்தோசம்தான் இருந்தது. முத்தலிபு நானா தலையாட்டினார். நல்ல வேலை செய்தீர்கள் என்று அவரே தன் வாயால் சொல்லவும் வேண்டியதாயிற்று.

வீட்டுக்குள் ஷஃபீனா பாயில் சுருண்டு கிடந்தாள். மாமாவைக் கண்டதும் எழுந்து வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"உம்மாட முகத்த மூடக்குள்ள, மாமா வரட்டும், அஸர் வரைக்கும் வைங்க எண்டு நான் கெஞ்சின. நீங்கதான் வேணாமெண்டு சொன்னீங்களாம். ஏன் மாமா அப்படிச் சொன்ன?"

முத்தலிபு நானா அவள் தலையில் கையை வைத்தார்.

"அது எல்லாரும் சொல்ற கதைதானே மகள்" என்றார்.